இங்கிலாந்துக் கிராமத்தில் பூர்வீக வீட்டைத் தேடுவது எப்படி: ஒரு முழுமையான வழிகாட்டி

பெரம்பூர் ரயில்வே குடியிருப்பில் பிறந்து வளர்ந்த ஆங்கிலோ இந்திய அம்மா ஒருவர் இப்போது மகளோடு இங்கிலாந்தின் ரெடிங் நகரில், எங்கள் தெருவிலேயே வசிக்கிறார். ஒருநாள் பழைய பிஸ்கட் டப்பாவைத் திறந்து ஒரு புகைப்படத்தை எடுத்து நீட்டினார். வைக்கோல் வேய்ந்த தாழ்வான வீடு, வாசலில் ஏப்ரன் கட்டிய ஒரு பெண். பின்புறம் பென்சிலில் "அப்பா பிறந்த வீடு" என்று அவருடைய அப்பா எழுதியிருந்தார். அப்படியென்றால் அது இந்த அம்மாவின் தாத்தா பிறந்த வீடு. ஊர்ப் பெயர் இல்லை, ஆண்டு இல்லை.

"தம்பி, இதைக் கண்டுபிடித்துக் கொடுப்பாயா?" என்று கேட்டார்.

ஒன்றரை ஆண்டு பிடித்தது. அதில் பாதிக் காலம், நான் வரிசை தெரியாமல் தேடியதால் வீணானது. அந்த வரிசையைத்தான் இங்கே எழுதுகிறேன். ஊரின் பெயரைச் சொல்ல மாட்டேன். அந்த வீட்டில் இன்று வேறொரு குடும்பம் வாழ்கிறது.

முதலில் ஒரு நினைப்பைக் கைவிடுங்கள்

நமக்குப் பூர்வீக வீடு என்றால் பட்டா, சிட்டா, பத்திரம், பங்காளிச் சண்டை எல்லாம் சேர்ந்தே நினைவுக்கு வரும். வீட்டில் இருந்தவர்தான் அதன் சொந்தக்காரர் என்று மனம் தானாக எடுத்துக்கொள்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்துக் கிராமத்துக்கு அந்த நினைப்போடு போனால் ஒன்றும் அகப்படாது. அங்கே பெரும்பாலோர் வாடகைக் குடியினர். கூலி விவசாயியின் குடிசை பெரும்பாலும் பண்ணைக்காரருக்கோ, ஒரு பிரபுவின் எஸ்டேட்டுக்கோ சொந்தம். வேலை போனால் வீடும் போகும். தெற்கு இங்கிலாந்தில் பண்ணை வேலைக்கான ஓராண்டு ஒப்பந்தம் வழக்கமாகச் செப்டம்பர் 29, மைக்கேல்மஸ் நாளையொட்டி முடியும். அந்த வாரத்தில் சட்டி பானைகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு அடுத்த ஊருக்குப் போகும் குடும்பங்கள் ஏராளம்.

அதனால் குடும்பப் பெயரை வைத்துக்கொண்டு சொத்துப் பத்திரங்களில் தேடாதீர்கள். இரண்டு இழைகளைத் தனித்தனியாகப் பிடியுங்கள். ஒன்று ஆட்களின் இழை: பிறப்பு, ஞானஸ்நானம், மக்கள்தொகைக் கணக்கெடுப்பு. மற்றொன்று நிலத்தின் இழை: வரைபடம், வரிக் கணக்கு, மதிப்பீடு. முதலாவதில் பெயர் இருக்கும், இடம் தெளிவாக இருக்காது. இரண்டாவதில் இடம் துல்லியமாக இருக்கும், பெயர் எப்போதாவதுதான் இருக்கும். ஒரே பக்கத்தில் குடியிருந்தவர் பெயரும் நிலத்தின் எண்ணும் சேர்ந்து வரும் ஓர் ஆண்டைப் பிடிப்பதுதான் முழு வித்தையும். அப்படிப்பட்ட இரண்டு முடிச்சுகள் இங்கிலாந்தில் உண்டு: 1910ஆம் ஆண்டின் நில மதிப்பீடும், 1836க்குப் பிறகு வந்த தசமபாக வரைபடங்களும். இரண்டையும் விரிவாகப் பார்ப்போம்.

படி 1: டப்பாவைக் காலி செய்யுங்கள்

வீட்டில் இருக்கும் எல்லாத் தாளையும் மேசையில் பரப்புங்கள். கடித உறைகளின் தபால் முத்திரை, ஜெபப் புத்தகத்தின் முதல் பக்கம், புகைப்பட அட்டையில் அச்சிட்ட ஸ்டூடியோ பெயர், ராணுவப் பதக்கத்தின் விளிம்பு. பிரிட்டிஷ் போர்ப் பதக்கங்களின் விளிம்பில் பெரும்பாலும் வீரரின் எண், பெயர், ரெஜிமென்ட் மூன்றும் பொறித்திருக்கும், பூதக்கண்ணாடி தேவைப்படும். எங்களுக்குக் கதவு திறந்தது அங்கேதான்.

வாய்வழிக் கதைகளையும் எழுதி வையுங்கள், ஆனால் தனித் தாளில். "எங்கள் தாத்தா பெரிய மாளிகையில் பிறந்தார்" என்று எல்லாக் குடும்பத்திலும் ஒருவர் சொல்வார். மாளிகையில் பிறந்திருக்கலாம், குதிரைக்காரனின் மகனாகப் பிறந்திருந்தாலும் அந்த வாக்கியம் பொய்யில்லை.

படி 2: சென்னையில் தொடங்குபவர்களுக்கு

இங்கிலாந்திலேயே இருந்துவிட்ட குடும்பம் என்றால் இந்தப் படியைத் தாண்டிப் போகலாம்.

மெட்ராஸ் மாகாணத்து ஆங்கிலத் தேவாலயங்களில் நடந்த ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் ஆகியவற்றின் நகல்கள் லண்டனுக்கு அனுப்பப்பட்டன. அவை இன்று பிரிட்டிஷ் நூலகத்தில் இந்தியா ஆபீஸ் ஆவணங்களுக்குள் இருக்கின்றன. மெட்ராஸுக்கு உரிய வரிசையின் குறியீடு என்/2. ஃபைண்ட்மைபாஸ்ட் என்ற கட்டணத் தளத்தில் இவற்றைப் பார்க்கலாம். பிரிட்டிஷ் இந்தியக் குடும்பங்களுக்கான ஃபிபிஸ் என்ற சங்கத்தின் தளத்தில் இலவசமாகத் தேடக்கூடிய அட்டவணைகள் உண்டு.

இந்தப் பதிவுகளில் ஆளின் தொழிலும் பிரிவும் கிடைக்கும், சொந்த ஊர் கிடைப்பது அரிது. ஊர் வேண்டுமானால் ராணுவத் தாளுக்குப் போக வேண்டும். லண்டனின் கியூ பகுதியில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தின் டபிள்யூஓ 97 என்ற வரிசையில், 1760 முதல் 1913 வரை படையிலிருந்து விலகிய வீரர்களின் தாள்கள் இருக்கின்றன. பழைய காலத்துக்கு ஓய்வூதியம் பெற்றவர்களின் தாள்களே மிஞ்சின. 1883க்குப் பிறகு மற்றவர்களுடையவையும் உண்டு. பணியில் இறந்துபோனவர்களை அங்கே தேடிப் பயனில்லை. அந்தப் படிவத்தில் "இன்ன பாரிஷில், இன்ன நகரில் அல்லது அதன் அருகில், இன்ன கவுண்டியில் பிறந்தவர்" என்று ஒரு வரி வரும். பாரிஷ் என்பது ஒரு தேவாலயத்தின் பகுதி, கவுண்டி என்பது நம் மாவட்டம் போல. எங்கள் தாளில் ஊர்ப் பெயரை அடுத்து "வான்டேஜ் அருகில், பெர்க்ஷயர்" என்று இருந்தது. தாத்தா 1874இல் பிறந்து, மெட்ராஸுக்குச் சிப்பாயாக வந்து, படையை விட்டு ரயில்வேயில் சேர்ந்தவர்.

ஊர் தெரிந்த மறுநாளே புகைப்படத்தை எடுத்துக்கொண்டு காரில் போனோம். அது நான் செய்த பெரிய தவறு. ஊரில் ஒவ்வொரு மூன்றாவது வீடும் படத்தில் இருப்பதைப் போலவே தெரிந்தது. மதுக்கடையில் ஒரு பெரியவர் படத்தைப் பார்த்துவிட்டு, வைக்கோல் கூரையோடு அழகாக நின்ற ஒரு வீட்டைக் காட்டினார். அம்மா அதன் வேலியருகே நின்று அழுதார். நான் இருபது படம் எடுத்தேன். மூன்று மாதம் கழித்து அது ஒரு பணக்காரப் பண்ணைக்காரர் வீடு என்று தெரிந்தபோது, அதை அவரிடம் எப்படிச் சொல்வது என்றே இரண்டு நாள் யோசித்தேன். காகித வேலை முடியாமல் ஊருக்குப் போகாதீர்கள்.

படி 3: ஊரைச் சரியாக நிறுத்துங்கள்

நார்ட்டன், சட்டன், நியூட்டன் போன்ற பெயர்களில் இங்கிலாந்து முழுக்க ஊர்கள் இருக்கின்றன. நம் புதூர், நல்லூர் போல. கவுண்டியோடு சேர்த்துத்தான் ஊரைத் தேட வேண்டும். அதிலும் ஒரு பள்ளம் உண்டு. 1974 ஏப்ரல் 1 அன்று கவுண்டி எல்லைகள் பெரிதாக மாறின. வான்டேஜ், அபிங்டன் உட்பட ஒயிட் ஹார்ஸ் பள்ளத்தாக்கு முழுவதும் பெர்க்ஷயரிலிருந்து ஆக்ஸ்போர்ட்ஷயருக்குப் போனது. ஆனால் அங்கிருந்த பழைய பாரிஷ்களின் பதிவேடுகள் இன்றும் பெர்க்ஷயரின் ஆவணக் காப்பகத்தில், ரெடிங்கில், எங்கள் வீட்டிலிருந்து பஸ்ஸில் போகும் தூரத்தில் இருக்கின்றன. நான் ஆக்ஸ்போர்டுக்கு ரயில் டிக்கெட் எடுத்த பிறகுதான் இது தெரிந்தது.

பாரிஷ் என்ற சொல்லையும் புரிந்துகொள்ளுங்கள். அது ஒரு தேவாலயத்தின் எல்லைக்கு உட்பட்ட பகுதி. ஒரு பாரிஷுக்குள் இரண்டு மூன்று சிற்றூர்கள் இருக்கலாம். "இன்ன பாரிஷில் பிறந்தார்" என்றால் தேவாலயம் இருக்கும் ஊரிலேயே பிறந்தார் என்று பொருளாகாது. இரண்டு மைல் தள்ளிய பண்ணைக் குடிசையாகவும் இருக்கலாம்.

படி 4: பிறப்பும் ஞானஸ்நானமும்

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் அரசின் பிறப்பு, திருமண, இறப்புப் பதிவு 1837 ஜூலை 1இல் தொடங்கியது. அட்டவணையை ஃப்ரீபிஎம்டி தளத்தில் இலவசமாகப் பார்க்கலாம். பொதுப் பதிவாளர் அலுவலகத்தின் சொந்தத் தளத்தில் தாயின் பிறந்த வீட்டுக் குடும்பப் பெயரும் 1837 முதலே கிடைக்கும். ஒரே பெயரில் நான்கு குழந்தைகள் பிறந்த ஊரில் அதுதான் கைகொடுக்கும். சான்றிதழுக்குக் கட்டணம் உண்டு. கிராமத்துப் பிறப்புச் சான்றிதழில் பிறந்த இடம் என்ற கட்டத்தில் வெறும் ஊர்ப் பெயர் மட்டுமே இருந்தால் ஏமாற வேண்டாம், அதுதான் வழக்கம்.

அதற்கு முந்தைய காலத்துக்குத் தேவாலயப் பதிவேடு. 1538இல் தாமஸ் குரோம்வெல் இட்ட ஆணையால் தொடங்கியது. 1813 முதல் அச்சிட்ட படிவத்தில் எழுதினார்கள். அதில் தந்தையின் தொழிலும் வசிப்பிடமும் இருக்கும். 1752க்கு முந்தைய பதிவென்றால் ஒன்றை நினைவில் வையுங்கள்: அப்போது புத்தாண்டு மார்ச் 25இல் பிறந்தது. 1720 பிப்ரவரி என்று எழுதியிருந்தால் நம் கணக்கில் அது 1721.

படி 5: கணக்கெடுப்பாளரோடு கூடவே நடங்கள்

இங்கே நேரம் செலவிடுங்கள். பெயர் உள்ள கணக்கெடுப்புகள் 1841 முதல் பத்தாண்டுக்கு ஒன்றாக 1921 வரை திறந்திருக்கின்றன. 1931ஆம் ஆண்டுத் தாள்கள் 1942 டிசம்பரில் தீயில் எரிந்துபோயின. 1941இல் போர் காரணமாகக் கணக்கெடுப்பே நடக்கவில்லை. அந்த இடைவெளியை ஓரளவு நிரப்புவது 1939 செப்டம்பர் 29 அன்று எடுத்த தேசியப் பதிவேடு. அடையாள அட்டை தருவதற்காக எடுத்தது.

1841இல் பதினைந்து வயதுக்கு மேற்பட்டவர்களின் வயதைப் பெரும்பாலும் ஐந்தின் மடங்காகக் குறைத்து எழுதினார்கள், உறவுமுறையும் இல்லை. 1851 முதல் குடும்பத் தலைவரோடு உறவும் பிறந்த பாரிஷும் கிடைக்கும். 1891இல் ஐந்துக்கும் குறைவான அறைகள் உள்ள வீட்டில் அறைகளின் எண்ணிக்கை உண்டு. 1911இல் எல்லா வீட்டுக்கும் உண்டு. சமையலறை சேரும், பாத்திரம் கழுவும் பின்கட்டு சேராது. எங்கள் தாத்தாவின் குடும்பத்துக்கு 1891இல் மூன்று அறை. 1911இல் அவருடைய அண்ணன் குடும்பத்துக்கும் மூன்று அறை. அதே வீடாக இருக்கலாம் என்ற முதல் நம்பிக்கை அங்கே பிறந்தது.

ஓரத்தில் உள்ள வரிசை எண்ணை வீட்டு எண் என்று எண்ணிவிடாதீர்கள். அது கணக்கெடுப்பாளர் கொடுத்த படிவத்தின் வரிசை எண் மட்டுமே. நான் 43ஆம் எண் வீட்டை அந்தத் தெருவில் ஒரு வாரம் தேடினேன். மொத்தமே இருபது வீடுள்ள தெரு.

பிறகு எப்படி இடத்தைப் பிடிப்பது? ஒவ்வொரு கணக்கெடுப்புப் புத்தகத்தின் தொடக்கத்திலும் கணக்கெடுப்பாளரின் வட்டாரத்தைப் பற்றிய விவரிப்பு இருக்கும்: எந்தச் சாலை, எந்தப் பண்ணை, எது எல்லை. முதலில் அதைப் படியுங்கள். பின்னர் உங்கள் குடும்பத்தை விட்டுவிட்டு, இடம் மாறாத புள்ளிகளைக் குறியுங்கள்: பாதிரியார் இல்லம், மதுக்கடை, மாவு ஆலை, கொல்லன் பட்டறை, பள்ளி. இவற்றை வரைபடத்தில் எளிதாகக் காணலாம். உங்கள் குடும்பம் மதுக்கடைக்கும் கொல்லன் பட்டறைக்கும் இடையே நான்காவதாக வருகிறதா? அடுத்த கணக்கெடுப்பிலும் அங்கேயே வருகிறதா? அக்கம்பக்கத்தார் அதே பெயர்களா? மூன்று கணக்கெடுப்புகளை அருகருகே வைத்து ஒரு தாளில் எழுதினால், ஊர் கண்முன் எழும்.

கணக்கெடுப்பாளர் நேர்கோட்டில் நடந்தார் என்று மட்டும் நம்பாதீர்கள். சில நேரம் சாலையின் ஒரு பக்கம் போய் மறுபக்கம் திரும்பியிருப்பார், சில நேரம் இரு பக்கமும் மாறி மாறி. பெயர்களுக்கு இடையே உள்ள சாய்கோடுகளையும் கவனியுங்கள்: இரட்டைக் கோடு ஒரு கட்டடத்தின் முடிவு, ஒற்றைக் கோடு அதே கட்டடத்துக்குள் அடுத்த குடும்பம். 1881இல் எங்கள் குடும்பத்துக்கு மேலும் கீழும் ஒற்றைக் கோடு இருந்தது. நான் அதைப் பார்த்தேன், பொருள் கொள்ளவில்லை. அந்த இரண்டு சிறு கோடுகளில் விடை முழுவதும் இருந்தது.

இதெல்லாம் பெரும்பாலும் கட்டணத் தளங்களில்தான் இருக்கிறது. ஆனால் பிரிட்டனில் பல பொது நூலகங்களில் ஆன்செஸ்ட்ரி போன்ற தளங்களை இலவசமாகப் பயன்படுத்தலாம். ஃபேமிலிசர்ச் தளத்தில் 1881 கணக்கெடுப்பின் எழுத்துப்படி முழுவதும் இலவசம்.

படி 6: 1910, பெயரும் எண்ணும் சேரும் இடம்

நிதியமைச்சராக இருந்த லாயிட் ஜார்ஜ், நிலத்தின் மதிப்பு உயர்வுக்கு வரி போட நினைத்தார். அதற்கு முதலில் நாட்டிலுள்ள ஒவ்வொரு துண்டு நிலத்தையும் மதிப்பிட வேண்டியிருந்தது. 1910இல் சட்டம் வந்தது. 1909 ஏப்ரல் 30ஐ அடிப்படை நாளாக வைத்து, 1915 வரை அதிகாரிகள் வீடு வீடாகப் போனார்கள். வரி நிலைக்கவில்லை, 1920இல் நீக்கப்பட்டது. ஆனால் அதற்காக எடுத்த குறிப்புகள் வீட்டைத் தேடுபவர்களுக்குப் பொக்கிஷம்.

முதலில் வரைபடம். மைலுக்கு 25 அங்குல அளவில் ஆர்டனன்ஸ் சர்வே என்ற அரசு நில அளவைத் துறை அச்சிட்ட தாளில், ஒவ்வொரு சொத்தின் எல்லைக்கும் வண்ணம் பூசி, சிவப்பு மையில் ஓர் எண் எழுதியிருப்பார்கள். நம் சர்வே எண் போல. அந்த எண்ணோடு களப் புத்தகத்துக்குப் போக வேண்டும். அவை கியூ காப்பகத்தில் ஐஆர் 58 என்ற வரிசையில் இருக்கின்றன. ஒவ்வொரு சொத்துக்கும் நான்கு பக்கம்: உரிமையாளர், குடியிருப்பவர், வாடகை, யார் பழுதுபார்க்க வேண்டும், சுவர் எதனால் ஆனது, எத்தனை அறை, கிணறு யாருடையது, நிலைமை எப்படி. சில அதிகாரிகள் சின்னப் படமும் வரைந்திருக்கிறார்கள். சிலர் ஒரு வரியோடு முடித்துவிட்டார்கள். உங்கள் அதிர்ஷ்டம்.

போர்ட்ஸ்மவுத், சவுத்ஹாம்டன் போன்ற சில பகுதிகளின் புத்தகங்கள் மிஞ்சவில்லை. பல கவுண்டிகளின் புத்தகங்களும் வரைபடங்களும் தி ஜீனியாலஜிஸ்ட் என்ற கட்டணத் தளத்தில் ஏறியிருக்கின்றன. அதில் பெயரை வைத்தே தேடலாம். இல்லாவிட்டால் கியூவுக்கு நேரில் போக வேண்டும்.

எங்கள் புத்தகத்தில் அண்ணனின் பெயர் இருந்தது. உரிமையாளர் ஒரு பிரபு. செங்கல் மூலையும் சுண்ணாம்புப் பாறைக் கல் சுவரும், வைக்கோல் கூரை. ஒரு சமையலறை, இரண்டு படுக்கையறை, பொதுக் கிணறு, நிலைமை மோசம். அதற்கு முந்தைய எண்ணுக்கும் அடுத்த எண்ணுக்கும் கிட்டத்தட்ட அதே வாசகம், "முன்னதைப் போலவே" என்று. வரைபடத்தில் மூன்று எண்களும் ஒரே நீளமான கட்டடத்தின் மேல் நின்றன. ஒரே கூரையின் கீழ் மூன்று குடும்பங்கள். எங்களுடையது நடுவில்.

படி 7: அந்தக் கட்டடத்தைப் பின்னோக்கித் துரத்துங்கள்

ஒரு முறை இடம் நிலைத்துவிட்டால் மற்றதெல்லாம் சுகம். ஸ்காட்லாந்து தேசிய நூலகத்தின் தளத்தில், பெயருக்கு மாறாக, இங்கிலாந்தின் பழைய ஆர்டனன்ஸ் சர்வே வரைபடங்களும் இலவசமாக இருக்கின்றன. ஒரு பக்கம் பழைய வரைபடம், மறுபக்கம் இன்றைய செயற்கைக்கோள் படம் என்று வைத்து ஒரே இடத்தில் நகர்த்தலாம். இரவு பத்து மணிக்குத் தொடங்கினால் இரண்டு மணி வரை எழுந்திருக்க மாட்டீர்கள்.

அதற்கும் முன்னால் போவதற்கு தசமபாக வரைபடம். விளைச்சலில் பத்தில் ஒரு பங்கைத் தேவாலயத்துக்குத் தானியமாகவோ வைக்கோலாகவோ கொடுக்கும் பழைய வழக்கத்தை, 1836ஆம் ஆண்டுச் சட்டம் பணமாக மாற்றியது. யார் எவ்வளவு தர வேண்டும் என்று கணக்கிட, பாரிஷ் பாரிஷாக வரைபடம் வரைந்தார்கள். பெரும்பாலானவை 1850களுக்குள் முடிந்தன. கூடவே ஒரு பட்டியல்: நில எண், உரிமையாளர், குடியிருப்பவர், நிலத்தின் பெயர், பயிரா புல்லா, பரப்பு. பரப்பை ஏக்கர், ரூட், பெர்ச் என்று எழுதியிருப்பார்கள். நாற்பது பெர்ச் ஒரு ரூட், நான்கு ரூட் ஒரு ஏக்கர். வயல்களின் பெயர்களைப் படிக்கத் தவறாதீர்கள். நம் ஊர் வரப்புப் பெயர்களைப் போலவே சண்டையும் கேலியும் அவற்றில் ஒளிந்திருக்கும்.

மூன்று பிரதிகள் எடுத்தார்கள்: அரசுக்கு, ஆயரின் மறைமாவட்டத்துக்கு, பாரிஷுக்கு. கியூவில் ஒன்று உண்டு, கவுண்டிக் காப்பகத்தில் மற்றொன்று கிடைக்கலாம். ஆனால் எல்லா ஊருக்கும் இது இல்லை. நிலங்களை வேலியடைத்துப் பிரித்தபோதே தசமபாகத்தைத் தீர்த்துவிட்ட ஊர்கள் நிறைய; நார்த்தாம்டன்ஷயரில் அப்படிப் பல. அங்கெல்லாம் வேலியடைப்புத் தீர்ப்பாவணத்தைக் கேளுங்கள், அதோடும் வரைபடம் இருக்க வாய்ப்புண்டு.

குடிசைகளுக்கு வந்தால் குடியிருப்பவர் கட்டத்தில் ஒருவர் பெயரை எழுதி "மற்றும் பிறர்" என்று முடித்துவிடுவார்கள். எங்கள் முன்னோர் அந்தப் "பிற"ருக்குள் போய்விட்டார். 1841 கணக்கெடுப்பில் அதே ஒருவரின் அடுத்த வரியில் அவரைக் கண்டோம்.

படி 8: 1836க்கும் முன்னால்

இங்கிருந்து எல்லாம் அந்த ஊரின் அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது, சுருக்கமாகச் சொல்கிறேன். 1780 முதல் 1832 வரை நிலவரிப் பட்டியல்கள் பல கவுண்டிக் காப்பகங்களில் உண்டு. உரிமையாளர், குடியிருப்பவர் இருவர் பெயரும் வரும், வீட்டின் அடையாளம் பெரும்பாலும் வராது. 1662 முதல் 1689 வரை அடுப்பு வரி. வீட்டில் எத்தனை அடுப்பு என்று எண்ணி வாங்கினார்கள். 1858 ஜனவரி 12க்கு முந்தைய உயில்களைத் தேவாலய நீதிமன்றங்களில் தேட வேண்டும். அவற்றோடு சேர்ந்து வரும் பொருள் பட்டியல் கிடைத்தால் வீட்டுக்குள் நுழைந்தது போலத்தான்: அறை அறையாகக் கட்டில், பாத்திரம், பன்றிக்கறி எல்லாம் விலையோடு எழுதியிருக்கும்.

மேனர் நீதிமன்றச் சுருள்களை மட்டும் விட்டுவிடாதீர்கள். மேனர் என்பதைச் சின்ன ஜமீன் என்று வைத்துக்கொள்ளுங்கள். காப்பிஹோல்ட் என்ற உரிமையில் வீடு வைத்திருந்தவர் இறந்தால், வாரிசு மேனர் நீதிமன்றத்துக்கு வந்து பணம் கட்டிப் பெயர் மாற்ற வேண்டும். அந்தப் பதிவின் நகல்தான் அவருடைய பத்திரம். இந்த முறை 1926 தொடக்கத்தில்தான் ஒழிந்தது. அப்பா, மகன், விதவை, மருமகன் என்று ஒரே வீடு நூற்றைம்பது ஆண்டு கைமாறுவதை ஒரு சுருளில் படிக்கலாம். 1733 வரை பெரும்பாலும் லத்தீன். எந்த மேனரின் சுருள் எங்கே இருக்கிறது என்பதற்குத் தேசியக் காப்பகத்தின் தளத்தில் தனிப் பதிவேடு உண்டு.

அரசின் நிலப் பதிவகத்தைப் பலர் முதலில் தேடுகிறார்கள். இன்றைய உரிமையாளர் யார் என்பதற்குச் சில பவுண்டு கட்டிப் பார்க்கலாம். நம் வில்லங்கச் சான்றிதழ் போல வரலாறு சொல்லாது. இங்கிலாந்து முழுவதற்கும் பதிவு கட்டாயமானதே 1990 டிசம்பரில். பழைய தோல் பத்திரங்களைச் சட்டத்துக்குத் தேவையில்லை என்று தூக்கி எறிந்த காலமும் இருந்தது. விளக்குகளுக்கு மறைப்பாகக்கூடத் தைத்தார்கள்.

படி 9: வீடே என்ன சொல்கிறது

பாதுகாக்கப்பட்ட கட்டடங்களின் பட்டியலை ஹிஸ்டாரிக் இங்கிலாந்து தளத்தில் இலவசமாகப் படிக்கலாம். உங்கள் வீடு அதில் இருந்தால் காலம், சுவர், கூரை, உத்தரம் வரை ஒரு பத்தி கிடைக்கும். அதிலுள்ள காலம் பெரும்பாலும் வெளியிலிருந்து பார்த்துச் சொன்ன மதிப்பீடு. கல்வெட்டாகக் கொள்ள வேண்டாம். வாசலுக்கு மேல் பொறித்த ஆண்டும் அப்படித்தான்: கட்டிய ஆண்டாகவும் இருக்கலாம், புதுப்பித்த ஆண்டாகவும் இருக்கலாம். செங்கல் வைத்து அடைத்த ஜன்னலைக் காட்டி எல்லோரும் 1696 முதல் 1851 வரை இருந்த ஜன்னல் வரியைச் சொல்வார்கள். வேறு காரணத்துக்காக அடைத்ததாகவும் இருக்கலாம்.

கூரையை நம்பி ஏமாந்தவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். அந்தக் காலத்தில் வைக்கோல் ஏழையின் கூரை. பணம் வந்ததும் ஓட்டுக்கோ ஸ்லேட் பலகைக்கோ மாறினார்கள். இன்று வைக்கோல் வேய்வது பெருஞ்செலவு, வசதியானவர்களால்தான் முடிகிறது. பழைய படத்தில் வைக்கோல் இருந்தால் இன்று வைக்கோல் இருக்கும் வீட்டைத் தேடாதீர்கள். புகைபோக்கியின் இடம், ஜன்னல்களின் இடைவெளி, பின்னணியில் தெரியும் மேட்டின் சாய்வு, இவைதான் மாறாதவை. படத்தின் ஓரங்களையும் பாருங்கள். நாங்கள் பார்த்துப் பார்த்துத் தேய்ந்த அந்தப் படத்தின் வலது ஓரத்தில் ஒரு கறுப்புப் பட்டை இருந்தது. அச்சுக் கறை என்று நினைத்திருந்தோம். களப் புத்தகத்தைப் படித்த பிறகு பார்த்தால் அது அடுத்த வீட்டின் கதவு.

படி 10: இப்போது போகலாம்

காப்பகத்துக்குப் போவதென்றால் முன்கூட்டியே பதிவு செய்யுங்கள். கியூவில் மூல ஆவணங்களைத் தொட வாசகர் அட்டை வேண்டும். இலவசம், பெயருக்கும் முகவரிக்கும் சான்று கேட்பார்கள். பேனாவுக்கு அனுமதி இல்லை, பென்சில் மட்டும். கேமரா கொண்டுபோகலாம், தாளைப் படமெடுத்துக்கொண்டு வீட்டில் நிதானமாகப் படியுங்கள். கவுண்டிக் காப்பகத்தில் மேசைக்குப் பின்னால் இருப்பவரிடம் வெட்கப்படாமல் கேளுங்கள். அவர் பத்து நிமிடத்தில் சொல்வதைக் கண்டுபிடிக்க எனக்குப் பத்து வாரம் ஆகியிருக்கிறது.

வீட்டுக்குப் போகும்போது கதவை நேராகத் தட்டாதீர்கள். நம் ஊரில் "தாத்தா இருந்த வீடு, பார்க்க வந்தோம்" என்றால் காபி கொடுத்து உட்கார வைப்பார்கள். அங்கே முன்னறிவிப்பில்லாமல் வந்து நின்றால் சங்கடப்படுவார்கள். ஒரு கடிதம் எழுதுங்கள். கையால் எழுதினால் இன்னும் நல்லது. நீங்கள் யார், என்ன கண்டுபிடித்தீர்கள், உள்ளே வர வேண்டும் என்ற கட்டாயமில்லை என்று சொல்லிவிட்டு, வரைபடத்தின் நகலையும் களப் புத்தகப் பக்கத்தின் நகலையும் உடன் வையுங்கள். தங்கள் வீட்டின் வரலாறு யாருக்கும் பிடிக்கும். பதில் வராவிட்டால் பொதுச் சாலையில் நின்று பார்த்துவிட்டு வந்துவிடுங்கள்.

எங்களுக்குப் பன்னிரண்டு நாளில் பதில் வந்தது. ஞாயிற்றுக்கிழமை மாலை வரச் சொன்னார்கள்.

மூன்று குடிசைகளும் இப்போது ஒரே வீடு. கூரை ஸ்லேட். முதல்முறை வந்தபோது இதைத் தாண்டித்தான் மதுக்கடைக்கு நடந்திருந்தோம், திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. முன்சுவரின் நடுவில் ஒரு ஜன்னல். அதன் கீழே செங்கல் மட்டும் வேறு நிறம். கதவு இருந்த அகலத்துக்கு இரண்டு நேர்க்கோட்டு இணைப்புகள் தரை வரை இறங்கின. அம்மா குனிந்து அந்த இணைப்பில் விரலை வைத்தார். பிறகு உள்ளே போனோம். வீட்டுக்காரப் பெண்மணி எங்கள் நகலை மேசையில் விரித்து வைத்து, கணவரைக் கூப்பிட்டுக் காட்டிக்கொண்டிருந்தார்.

"அடுப்பு எங்கே இருந்திருக்கும்?" என்று அம்மா கேட்டார்.

அந்தப் பெண்மணி கொஞ்சம் தயங்கி, ஃபிரிட்ஜ் இருந்த மூலையைக் காட்டினார். பழைய புகைபோக்கியின் பள்ளம் சரியான அளவாக இருந்ததால் அங்கே வைத்தோம் என்றார்.